இறால் குஞ்சுத் தொட்டியில் மேற்படலம்: பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

நன்னீர் இறால் குஞ்சு உற்பத்தியில் ஈடுபட்டுள்ள விவசாயிகள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. காலையில் தொட்டியின் மூடியை எடுத்துப் பார்த்தால், நீரின் மேல் பாலாடை போன்ற மெல்லிய படலம் படிந்திருக்கும். சில தொட்டிகளில் அது வானவில் நிறத்தில் மின்னும். சிலவற்றில் வெண்மையாகவோ, துருவின் நிறத்திலோ இருக்கும். காற்றுக் கல்லில் இருந்து எழும் குமிழிகள் உடனே உடையாமல் ஓரத்தில் நுரையாக ஒதுங்கி நிற்கும்.

இப்படலத்தைக் கண்டதும் இரு வகையான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடுவது. மற்றொன்று, கையில் கிடைத்த மருந்தை ஊற்றி அதை அழிக்க முயல்வது. முதல் தவறு குஞ்சுகளை மெல்ல மெல்ல வாட்டும். இரண்டாவது தவறோ ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். மேற்படலத்தைத் தொட்டியில் இருந்து எடுத்து அகற்ற வேண்டுமேயன்றி, தொட்டிக்குள்ளேயே மருந்திட்டு அழிக்க முயலக் கூடாது. இந்த ஒரு விதியை மனதில் கொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்த்துவிடலாம்.

இளம் உயிரியின் இயல்பு

நன்னீர் இறால்களில் மிகப் பெரியதும், பண்ணைகளில் வளர்க்கப்படுவதுமான இனம் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்பதாகும். வணிகர்கள் இதனை 'ஸ்காம்பி' என்று அழைக்கின்றனர். தாய் இறால் முட்டைகளைத் தன் வயிற்றுப் பகுதியின் அடியில் சுமந்து காக்கிறது. நன்கு வளர்ந்த தாய் இறால் ஒரு முறைக்கு 80,000 முதல் 1,00,000 முட்டைகள் வரை இடக்கூடும். முதன்முறை சினையாகும் சிறிய இறால் 5,000 முதல் 20,000 முட்டைகளே இடும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள் ஏறத்தாழ 3 வாரங்களில் சாம்பல் நிறமடைந்து பொரிக்கின்றன.

பொரித்து வரும் உயிரியை லார்வா அல்லது இளம் உயிரி என்பர். இதன் நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. தாய் வாழ்வது நன்னீரிலேயானாலும், இளம் உயிரி சில நாட்களுக்குள் உவர்நீரை அடையாவிட்டால் இறந்துவிடும். இந்த உண்மையை 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஆராய்ச்சி செய்த ஷாவோ வென் லிங் என்ற விஞ்ஞானி கண்டறிந்த பின்னரே குஞ்சு உற்பத்தி சாத்தியமாயிற்று. லிட்டருக்கு 12 கிராம் உப்புத்தன்மையும், 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இளம் உயிரிகளுக்கு ஏற்றவை. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் 1 பங்கும் நன்னீர் 2 பங்கும் கலந்தால் ஏறத்தாழ இந்த அளவு கிடைக்கும்.

இளம் உயிரி 11 பருவங்களைக் கடந்தே குஞ்சாக மாறுகிறது. இதற்குச் சாதாரணமாக 3 முதல் 5 வாரங்கள் ஆகலாம். அதுவரை அது தலைகீழாக, வால் முன்னே செல்லுமாறு நீந்துகிறது. முதற்பருவங்களில் வெளிச்சத்தை நாடி, நீரின் மேற்பகுதியில் கூட்டமாகத் திரள்கிறது. படலம் உண்டாவதும் இதே மேற்பகுதியில்தான் என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

படலத்தால் என்ன தீங்கு?

30 டிகிரி வெப்பத்தில், உப்புத்தன்மை 12 கிராம் உள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்து வைத்துக்கொள்ள முடியும். இளம் உயிரிகளுக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஆகவே இடைவெளி மிகக் குறைவு. படலம் பரவிய நீர், காற்றில் இருந்து பிராணவாயுவை எளிதில் ஏற்பதில்லை. காற்றூட்டும் கருவி நன்கு ஓடும்வரை குமிழிகள் படலத்தைக் கிழித்துக்கொண்டிருப்பதால் இக்குறை வெளியில் தெரியாது. மின்சாரம் நின்றுவிட்டால் நிலைமை மாறிவிடும். படலத்தில் உள்ள நுண்ணுயிர்களும் பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால், தூய நீருள்ள தொட்டியைவிட விரைவில் மூச்சுத்திணறல் ஏற்படும்.

மேலும், மேற்பரப்பில் திரளும் சின்னஞ்சிறு உயிரிகள் தடித்த படலத்தில் சிக்கிக்கொள்ளவும் கூடும். ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது வேறொன்று. நீரில் அழுகும் பொருள் மிகுந்துவிட்டது என்பதற்குப் படலம் ஓர் அறிவிப்பாகும். மேலே படலம் இருந்தால் அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

எந்தப் படலம் என்று அறிதல்

நீக்குவதற்கு முன், படலம் எதனால் வந்தது என்று அறிய வேண்டும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சுத்தமான குச்சியால் படலத்தைக் கீறிப் பார்க்கவும்.

கீறிய இடம் உடனே ஒன்றுசேர்ந்து மறுபடியும் வானவில் நிறம் காட்டினால், அது பெரும்பாலும் எண்ணெய். டீசல், இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவை இவ்வாறு செய்யும். லாரி டயருக்குக் காற்றடிப்பது போன்ற பிஸ்டன் கம்பிரசரைக் கொண்டு காற்றூட்டினால், காற்றுடன் எண்ணெய்த் துளிகளும் நீரில் கலக்கும். இதற்குப் பதிலாக எண்ணெய் கலக்காத புளோயரைப் பயன்படுத்த வேண்டும்.

படலம் சில்லுச் சில்லாக உடைந்து, தனித்தனியே மிதந்தால், ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உள்ள இரும்பும் அதனைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்களும் காரணமாகலாம். துரு நிறம் இதற்கு மற்றோர் அடையாளம். இத்தகைய நீரை முதலில் தனித் தொட்டியில் நன்கு காற்றூட்டி, துரு படிந்த பின், மணல் வடிகட்டி வழியே எடுக்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் மாவு தூவியது போன்ற வெண்மையான, மொறமொறப்பான படலம் வந்தால், சுவரில் இருந்து கசியும் சுண்ணாம்பே காரணம். தொட்டியில் பல முறை நீர் நிரப்பி ஊறவைத்து வெளியேற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வழுவழுப்பாக, பாலாடை போலக் குச்சியில் ஒட்டிக்கொண்டு, நுரையும் சேர்ந்திருந்தால் அது தீவனப் படலம். முட்டை, பால் பவுடர், மீன் சதை ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்கும் உணவில் இருந்து கசியும் கொழுப்பும் புரதமும், அவற்றில் பெருகும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே இது உண்டாகிறது. குஞ்சு பொரிப்பகங்களில் எளிதில் உண்டாவது இவ்வகைதான்.

ஊற்றக் கூடாதவை

தொட்டியில் உயிர்கள் இருக்கும்போது கீழ்க்கண்டவற்றில் எதையும் சேர்க்கக் கூடாது.

சோப்பு, சலவைத்தூள்: இவை ஒரு துளி விழுந்ததும் படலம் விலகி ஓடும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. சோப்பு இறாலின் செவுள்களைப் பாதிக்கும். படலத்தில் உள்ள கொழுப்பும் வெளியேறாமல் நீருக்குள்ளேயே கலந்துவிடும்.

எண்ணெய்-சோப்புக் கரைசல்: மீன் குஞ்சு வளர்க்கும் விவசாயிகள் இதனை நன்கு அறிவர். நாற்றங்கால் குளத்தில் மீன் குஞ்சுகளை விடுமுன், நீர்ப்பூச்சிகளை ஒழிக்க எக்டருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கலந்து தெளிப்பது வழக்கம். மூச்சுவிட மேலே வரும் பூச்சிகளின் சுவாசத் துளைகளை எண்ணெய் அடைத்துவிடும். குளத்திற்குப் பயன்பட்ட இம்முறையை இறால் தொட்டியில் கையாளக் கூடாது. அங்கு வேண்டுமென்றே உண்டாக்கும் எண்ணெய்ப் படலத்தைத்தான் இங்கு நீக்க வேண்டியுள்ளது.

மயில்துத்தம்: பாசியையும் நுண்ணுயிரையும் கொல்லும் தாமிரம் இறாலையும் கொல்லும். இதே காரணத்தால் தாமிரம், பித்தளைக் குழாய்களையும், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களையும் தொட்டியில் இணைக்கக் கூடாது. பி.வி.சி. குழாய்களே ஏற்றவை.

பிளீச்சிங் பவுடர்: இது காலித் தொட்டியையும், இருப்பு நீரையும் தூய்மை செய்வதற்கே உரியது. நீரில் குளோரின் சிறிதும் இல்லை என்று சோதித்தறிந்த பின்னரே அந்நீரை உயிர்களுக்கு விட வேண்டும்.

பூச்சிமருந்துகள், கொசு மருந்து: இறாலும் பூச்சியும் உடலமைப்பில் நெருங்கிய உறவுடையவை. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இறாலைக் கொல்லும். வயலில் மருந்து கலக்கப் பயன்படுத்திய வாளியைக் கழுவிவிட்டோம் என்று எண்ணித் தொட்டியில் இறக்கக் கூடாது. மருந்து தெளித்த கையோடும் உடையோடும் தொட்டியருகே செல்லக் கூடாது. மழைக்காலத்தில் கொசுப்புழு ஒழிப்புக்காக வீட்டு நீர்த்தொட்டிகளில் டெமிபாஸ் மருந்து ஊற்றப்படுவதுண்டு. அப்பணியாளர்கள் வரும்போது வீட்டில் ஆள் இல்லாமல் போகலாம். ஆகவே 'இறால் தொட்டி, மருந்து ஊற்ற வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டுவது நல்லது. தொட்டியைக் கொசுவலையால் இறுக மூடி வைத்தால் மருந்துக்குத் தேவையே இராது.

நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள்: குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை இறால் உற்பத்தியில் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. இவை படலத்தின் மூலகாரணமான தீவனக் கழிவை நீக்குவதும் இல்லை.

கையால் நீக்கும் முறை

தீவனப் படலத்தை நீக்கச் சுத்தமான பருத்தித் துணி, குவளை, வெள்ளைக் கிண்ணம், மின்விளக்கு ஆகியவை போதும். துணி சோப்பு, கஞ்சி இல்லாமல் பல முறை நீரில் அலசியதாக இருக்க வேண்டும். துணிக்குப் பதில் மையும் வாசனையும் இல்லாத, நீரை உறிஞ்சும் வெள்ளைத் தாளையும் பயன்படுத்தலாம். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம்.

முதலில் தொட்டியின் ஒரு பாதியைக் கறுப்புத் துணியால் மூடி நிழலாக்க வேண்டும். மறு முனையில் விளக்கை வைக்க வேண்டும். இளம் உயிரிகள் வெளிச்சத்தை நாடி அம்முனைக்குச் செல்லும். நேரடி வெயில் படுமாறு வைக்கக் கூடாது. கடும் வெயிலை அவை விரும்புவதில்லை.

அடுத்து, நிழல் முனையில் உள்ள காற்றுக் கற்களை மட்டும் நிறுத்த வேண்டும். வெளிச்ச முனையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கட்டும். உயிரிகளுக்கு மூச்சுத்திணறல் நேராது. அத்துடன், அங்கு எழும் குமிழிகள் மேல்நீரைத் தள்ளுவதால் படலம் நிழல் முனையில் வந்து ஒதுங்கும்.

சில நிமிடங்கள் பொறுத்து, துணியை நீரின் மேல் மெதுவாகப் படரவிட்டு, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் படலம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். துணியைத் தொட்டிக்கு வெளியே அலசிவிட்டு மீண்டும் இவ்வாறு செய்யலாம். நுரை மிகுதியாக இருந்தால், குவளையின் விளிம்பை நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே அழுத்தினால் மேல்நீர் மட்டும் வழிந்து உள்ளே வரும்.

எடுத்த நீரையும் துணி அலசிய நீரையும் அப்படியே கொட்டிவிடக் கூடாது. துணியைத் தொட்டியில் உள்ளது போன்ற உவர்நீரில் அலசி, அந்நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். துள்ளி நீந்தும் புள்ளிகள் தெரிந்தால் அவற்றைச் சிறு குழாயால் உறிஞ்சித் தொட்டியில் விட வேண்டும். உயிரிகள் நிறைய வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, அவை விலகும்வரை காத்திருப்பதே முறை. மொத்த வேலையும் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். முடிந்ததும் எல்லாக் காற்றுக் கற்களையும் ஓடவிட்டு, குறைந்த நீரை அதே உப்புத்தன்மையும் வெப்பமும் கொண்ட நீரால் நிரப்ப வேண்டும்.

கடற்கரைக்கு அருகில் உள்ளவர்கள் தாராளமாக நீர் மாற்றலாம். தாய்லாந்தில் கடலுக்குத் தொலைவில் உள்ள சிறு பொரிப்பகத்தார், உப்பளத்தில் இருந்து செறிவான உப்புநீரை வண்டியில் கொண்டுவந்து நன்னீரில் கலந்து பயன்படுத்தினர். இவ்வாறு உப்புநீரை விலைகொடுத்து வாங்குவோருக்கு ஒவ்வொரு வாளி நீரும் பணமாகும். துணியால் எடுக்கும் முறையில் நீர் வீணாவது மிகக் குறைவு என்பது அவர்களுக்குச் சாதகம்.

வழிந்தோடும் குழாய்

பெரிய தொட்டி வைத்திருப்போர் நீர்மட்டத்தில் ஒரு வழிவு குழாயை அமைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கு மெதுவாகப் புது நீர் வந்துகொண்டிருந்தால், மேல்நீரும் படலமும் தாமாகவே வழிந்து வெளியேறும். குழாயின் வாயைச் சுற்றி வலை அவசியம். முதல் வாரத்தில் வலைக்கண் 0.2 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். உயிரிகள் வளர வளரச் சற்றுப் பெரிய கண் உள்ள வலைக்கு மாறலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. குழாயின் வாயில் வலையை நேராகக் கட்டினால், நீரின் இழுப்பால் உயிரிகள் வலையில் ஒட்டிக்கொண்டு இறக்கும். வலையை அகன்ற கூடை போல அமைத்து, அதன் நடுவில் குழாயின் வாய் இருக்குமாறு செய்ய வேண்டும். பரப்பு அதிகமானால் இழுப்புக் குறையும். வலையை ஒட்டி ஒரு காற்றுக் கல் வைத்தால் உயிரிகள் அங்கு தங்காமல் விலகும். வலை தினமும் கழுவப்பட வேண்டும். வலைக்கண் அடைத்துக்கொண்டால் நீர் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து, உயிரிகளும் தரையில் சேரும்.

வராமல் தடுப்பதே சிறப்பு

தினமும் படலம் எடுத்தும் அது மீண்டும் மீண்டும் வந்தால், உணவு முறையில் குறை இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

தயாரித்த உணவை வலையில் தேய்த்துத் துகளாக்கிய பின், கழுவும் நீர் தெளிவாகும்வரை நன்கு அலச வேண்டும். பால் போல வெளியேறும் நீரில்தான் படலமாக மாறும் பொருட்கள் உள்ளன. துகளின் அளவு தொடக்கத்தில் 0.3 மில்லிமீட்டராகவும், பின்னர் படிப்படியாக 1 மில்லிமீட்டர் வரையும் இருக்கலாம். மொத்த உணவையும் ஒரே வேளையில் கொட்டாமல், பகலில் நான்கைந்து தடவையாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நலம். உயிரிகள் பிடித்துத் தின்றபின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தே அடுத்த வேளை அளவை முடிவு செய்ய வேண்டும். அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. பசித்த இறால்கள் ஒன்றையொன்று தின்னும்.

மாலையில் கொடுக்கும் ஆர்ட்டீமியா உயிருணவிலும் கவனம் தேவை. பொரித்த பின் காற்றை நிறுத்தினால் வெற்று முட்டை ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டினால் ஆர்ட்டீமியாக்கள் அங்கு திரளும். அவற்றை மட்டும் எடுத்து, வலையில் இட்டு அலசிய பின் தொட்டியில் விட வேண்டும். பொரித்த நீரை அப்படியே ஊற்றினால் ஓடுகளும் கழிவும் சேர்ந்து மேலே பழுப்பு வளையமாக ஒதுங்கும்.

அடியில் தங்கும் வண்டலை உறிஞ்சு குழாயால் தினமும் அகற்ற வேண்டும். நீரில் ஏறத்தாழப் பாதியைத் தினமும் மாற்றுவது பல பொரிப்பகங்களின் வழக்கம். தொட்டிக்குள் கை விடுவோர் சோப்பும் தலை எண்ணெயும் படாத கையை நன்னீரில் கழுவிக்கொண்டே விட வேண்டும். டீசல் ஜெனரேட்டர் இருக்கும் இடத்திற்கும் தொட்டிக்கும் இடையே சுவர் இருப்பது நல்லது.

தாய் இறால் தொட்டியிலும், குஞ்சாக மாறிய பின் நன்னீரில் வளர்க்கும் நாற்றங்கால் தொட்டியிலும் இதே விதிகள் பொருந்தும். குஞ்சுகள் அடியிலும் சுவரிலும் ஒட்டி வாழ்வதால், அத்தொட்டிகளில் மேல்நீரை வழித்தெடுப்பது எளிது.

மின்தடையை நினைவில் கொள்க

படலம் மாலையில் தென்பட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரவு மின்தடை நேர்ந்தால் அப்படலமே மூடியாகிவிடும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதுவும் இயங்காத நேரத்தில், குவளையால் நீரை மெதுவாக மொண்டு, சிறிது உயரத்தில் இருந்து தொட்டியிலேயே ஊற்றுவது ஓரளவு உதவும். படலம் கிழிவதோடு, காற்றும் நீரில் கலக்கும்.

மூன்று வாரம் கண்ணும் கருத்துமாகக் காத்த தொட்டி, குஞ்சுகளாக மாறப்போகும் தறுவாயில் பாழானால், தாய் இறாலின் விலை, ஆர்ட்டீமியாவின் விலை, உழைப்பு ஆகிய அனைத்தும் வீணாகும். அந்தப் பருவத்தில் இருந்த குஞ்சுகளுக்கு ஈடாக வேறு குஞ்சுகள் உடனே கிடைப்பதும் அரிது. நாள்தோறும் காலையும் மாலையும் சில நிமிடங்கள் மேல்நீரைக் கவனித்து, துணியால் துடைத்தெடுப்பதற்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம். காரணம் புரியாத படலம் தென்பட்டாலும், உயிரிகள் நீந்தாமல் சோர்ந்து கிடந்தாலும், எந்த மருந்தையும் வாங்குமுன் தொட்டி நீரைச் சுத்தமான புட்டியில் எடுத்துக்கொண்டு, அருகில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுவது நலம் பயக்கும்.